பத்துக்குப் பத்து அறையில் ஒரு 'நான்': ஜப்பானியக் குடில் இலக்கியம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

13-ஆம் நூற்றாண்டு ஜப்பானியத் துறவி ஒருவர் தன் குடிலைப் பற்றி எழுதிய சிறு நூலான 'ஹோஜோகி' பற்றி யாரிடம் பேச்செடுத்தாலும் நாலைந்து கேள்விகள் தவறாமல் வந்துவிடுகின்றன. அவற்றையும், எனக்கே பல வருடமாகத் தொந்தரவு தரும் ஒன்றிரண்டையும் இங்கே சேர்த்திருக்கிறேன். சிலவற்றுக்கு நாலு வரி போதும். சிலவற்றுக்குக் கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டும்.

குடில் இலக்கியம் என்றால் என்ன?

பதவியையும் குடும்பத்தையும் விட்டுத் தலையை மழித்துக்கொண்டு, பெரிய மடம் எதிலும் சேராமல், மலையடிவாரத்திலோ ஊர்க்கோடியிலோ புல் வேய்ந்த குடிலில் ஒதுங்கியவர்கள் எழுதியவை. ஜப்பானில் இதன் செழிப்பான காலம் 12 முதல் 14-ஆம் நூற்றாண்டு வரை. மூன்று பெயர்களைத் தெரிந்துகொண்டால் போதும்: கவிஞர் சைகியோ (1118–1190), 'ஹோஜோகி' எழுதிய கமோ நோ சோமெய் (1155 வாக்கில் பிறந்து 1216-இல் இறந்தவர்), 'ட்சுரெசுரெகுசா' எழுதிய கென்கோ (1283 வாக்கில் பிறந்தவர்).

இவர்களுக்கு முன்னோடி யோஷிஷிகே நோ யசுதானே. 982-இல் 'சிதெய்கி' என்று தன் குளக்கரை வீட்டைப் பற்றி ஒரு குறிப்பு எழுதினார், அதுவும் சீன மொழியில். அப்போது அவர் அரசு உத்தியோகத்தில்தான் இருந்தார். அரசவையில் இருக்கிறவரை என் உடம்பு அரசன் வேலையைப் பார்க்கிறது, வீட்டுக்கு வந்ததும் மனம் புத்தரிடம் போய்விடுகிறது என்கிறார். நாலு வருடம் கழித்து, 986-இல் துறவு பூண்டார். உடம்பு ஓரிடம், மனம் ஓரிடம் என்ற இந்தப் பிளவு பின்னால் பெரிய விஷயமாகப் போகிறது.

குடில் இலக்கியம், ஒதுங்கியோர் இலக்கியம் என்ற பெயர்களெல்லாம் ஒரிகுச்சி ஷினோபு போன்ற 20-ஆம் நூற்றாண்டு ஆய்வாளர்கள் புழக்கத்தில் விட்டவை. எழுதியவர்களுக்குத் தாங்கள் ஓர் இலக்கிய வகையைச் சேர்ந்தவர்கள் என்று தெரியாது.

பௌத்தத் துறவி என்றால் மடத்தில்தானே இருப்பார்? இவர்கள் என்ன தனி ரகம்?

அந்தக் காலத்து ஜப்பானில் மடமும் ஓர் உத்தியோகமாகியிருந்தது. பெரிய குடும்பத்துப் பிள்ளைகள் பிக்குகளாகி, படிப்படியாகப் பதவி உயர்ந்து, அரசவைச் சடங்குகளுக்குப் பல்லக்கில் போனார்கள். அதனால் வீட்டை விடுவது முதல் துறவு என்றால், மடத்துப் பதவியையும் விடுவது இரண்டாம் துறவு. இந்த இரண்டாவதற்குத் 'தொன்செய்' என்று பெயர்; உலகத்திடமிருந்து தப்பி ஓடுவது என்று பொருள்.

சோமெய் தொகுத்த 'ஹொஷ்ஷின்ஷூ' என்ற கதைத் தொகுப்பில் முதல் கதையே இதுதான். கென்பின் என்ற உயர்பதவித் துறவி ஒருநாள் சொல்லாமல் காணாமல் போகிறார். பல வருடம் கழித்து, வடக்கே பயணம் போன சீடன் ஒருவன் ஓர் ஆற்றைக் கடக்கிறான். படகோட்டியைப் பார்த்தால் அவனுடைய குரு. சீடன் அடையாளம் கண்டுகொண்டான் என்று தெரிந்ததும் அவர் மறுபடி மறைந்துவிடுகிறார்.

இந்த மரபின் லட்சிய மனிதர் கென்பின். பெயரும் வேண்டாம், பெருமையும் வேண்டாம், யாரும் கண்டுபிடிக்கவும் வேண்டாம். ஆனால் கென்பின் தன் குடிலைப் பற்றிப் புத்தகம் எழுதவில்லை. அவரைப் பற்றி எழுதிய சோமெய் தன்னைப் பற்றியும் எழுதினார்.

பௌத்தம் 'நான்' என்று ஒன்றே கிடையாது என்கிறது. பிறகு இங்கே 'நான்' பற்றி என்ன பேச்சு?

நியாயமான கேள்வி. தத்துவத்தில் அனாத்மம் என்று ஒத்துக்கொண்டவர்கள்தான் இவர்கள் எல்லோரும். ஆனால் எழுத உட்கார்ந்தபோது அவர்கள் கையில் இருந்தவை தத்துவச் சொற்கள் அல்ல, கவிதையில் நூற்றாண்டுகளாகப் புழங்கிய மூன்று சாதாரணச் சொற்கள். 'மி' என்றால் உடம்பு. கூடவே பிறப்பு, அந்தஸ்து, ஒருவருக்கு வாய்த்த நிலைமை எல்லாம் சேர்ந்தது. 'கொகொரோ' என்றால் மனம், நெஞ்சு. 'யொ' என்றால் உலகம், ஊர் வாழ்க்கை, காலம். 'யொ'வை விடுகிறேன் என்று கிளம்புகிறார்கள். 'மி'யைக் கூட்டிக்கொண்டு மலைக்குப் போய்விடலாம். 'கொகொரோ' சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.

இதைச் சைகியோவைவிடக் கூர்மையாகச் சொன்னவர் இல்லை. சாத்தோ நோரிகியோ என்ற பெயரில் ஓய்வுபெற்ற பேரரசர் டோபாவின் காவல் வீரராக இருந்தவர். 1140-இல், இருபதுகளின் தொடக்கத்தில், எல்லாவற்றையும் விட்டார். அவருடைய ஒரு கவிதையின் பொருள் இப்படி வரும்: எல்லாவற்றையும் உதறிவிட்டதாக நினைத்த இந்த உடம்பில், பூவின் சாயம் ஏறிய நெஞ்சு மட்டும் எப்படி மிச்சமிருந்தது? இன்னொன்றில், யோஷினோ மலையில் மர உச்சிப் பூக்களைக் கண்ட நாளிலிருந்து என் மனம் என் உடம்போடு இருப்பதில்லை என்கிறார்.

துறந்த பிறகு மிச்சமிருப்பது ஆன்மா அல்ல, செர்ரிப் பூ மேல் ஓர் ஆசை. அந்த ஆசை வெட்கத்தோடு வெளிப்படும் இடத்தில்தான் சைகியோ என்கிற தனி மனிதர் நம் கண்ணில் படுகிறார். என் வாசிப்பில் இந்த இலக்கியம் முழுவதற்கும் இது பொருந்தும்: துறவு எங்கே தவறுகிறதோ, அங்கேதான் அந்த 'நான்' தெரிகிறது. துறவு முழுதாக வெற்றி பெற்றிருந்தால் நமக்குக் கிடைப்பது கென்பின், பெயரில்லாத ஒரு படகோட்டி.

பழைய ஜப்பானிய மொழியில் 'நான்' என்ற சொல்லே வராதாமே?

வரும், ஆனால் அரிதாக. தமிழிலும் 'வந்தேன்' என்றாலே போதும், 'நான்' வேண்டியதில்லை; அந்த 'ஏன்' விகுதி ஆளைக் காட்டிவிடும். ஜப்பானிய வினைச்சொல்லில் அந்த விகுதியும் கிடையாது. பார்த்தது யார், அழுதது யார் என்று வாசகரே ஊகித்துக்கொள்ள வேண்டும். அப்படிப்பட்ட மொழியில் சோமெய் பேரழிவுகளைச் சொல்லத் தொடங்கும்போது 'யொ' என்று ஆரம்பிக்கிறார். இது சீனத்திலிருந்து வந்த தன்மைப் பெயர். உலகத்தைக் குறிக்கும் 'யொ' வேறு சொல், ஒலி மட்டும் ஒன்று. தற்செயல்தான். ஆனாலும் அந்த வரியைப் படிக்கிறபோதெல்லாம் எனக்கு ஒரு சின்னப் புன்னகை வந்துவிடும்.

சோமெய் ஏன் எல்லாவற்றையும் விட்டார்?

கியோத்தோவில் ஷிமோகமோ ஆலயத் தலைமைப் பூசகரின் மகன். இளவயதிலேயே தந்தையை இழந்தார். கவிதையும் இசையும்தான் அவருக்குக் கைகொடுத்தன. 1201-இல் ஓய்வுபெற்ற பேரரசர் கோ-தோபா அமைத்த கவிதைப் பணிமனையில் இடம் கிடைத்தது. 'ஷின் கொகின்ஷூ' தொகுப்பில் அவருடைய 10 கவிதைகள் இருக்கின்றன (ஒப்பிட்டுப் பார்க்க: சைகியோவுக்கு 94, அதுதான் அந்தத் தொகுப்பில் அதிகம்). தந்தை வழியில், ஷிமோகமோவைச் சேர்ந்த ஒரு சிற்றாலயப் பதவி காலியானபோது அதை அவருக்குத் தரப் பேரரசரே விரும்பினார். ஆனால் உறவினர் ஒருவர் தன் மகனுக்காகக் குறுக்கே நின்றார். பதவி கைநழுவியது. 1204 வாக்கில் சோமெய் துறவு பூண்டார்.

இந்தக் கதை நமக்குத் தெரிவது அவருடன் பணிமனையில் இருந்த மினமோதோ நோ இயெனகாவின் நாட்குறிப்பிலிருந்து. ஹோஜோகியில் இதைப் பற்றி மூச்சே இல்லை. அவ்வப்போது நேர்ந்த தடங்கல்களால் என் அதிர்ஷ்டம் இவ்வளவுதான் என்று புரிந்துகொண்டேன் என்பதோடு முடித்துக்கொள்கிறார்.

அப்படியானால் ஹோஜோகியைத் தன்வரலாறு என்று சொல்லலாமா?

சொல்லலாம், ஆனால் விசித்திரமான தன்வரலாறு. தாய் தந்தை பெயர் இல்லை, காதல் இல்லை, பகை இல்லை. தன் வாழ்க்கையை அவர் வீட்டின் அளவாகச் சொல்கிறார். முதலில் தந்தை வழிப் பாட்டியின் வீடு. முப்பது வயதுக்குமேல் அதைவிட்டு ஆற்றங்கரை அருகே கட்டிய வீடு அதில் பத்தில் ஒரு பங்கு. அறுபதை நெருங்கும்போது ஹினோ மலையில் கட்டிய குடில், நடுவயது வீட்டில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. வயது ஏற ஏற வீடு சுருங்குகிறது. கடைசிக் குடில் ஒரு 'ஜோ' சதுரம், நம் கணக்கில் பத்துக்குப் பத்து அறை. உயரம் ஏழடிக்கும் குறைவு. 'ஹோஜோ' என்ற சொல்லுக்கே அந்தச் சதுரம்தான் பொருள்.

அந்தக் குடிலை, கிழட்டுப் பட்டுப்புழு கட்டிக்கொள்ளும் கூடு என்கிறார். இன்னோரிடத்தில், வெற்றுச் சிப்பிக்குள் குடிபுகும் நண்டு சின்னச் சிப்பியையே விரும்புகிறது, தன் அளவு அதற்குத் தெரியும் என்கிறார். ஊரில் மனைவி மக்களுக்காக, உறவுக்காக, எஜமானுக்காக, ஏன், மாடு குதிரைக்காகக்கூட வீடு கட்டுகிறார்கள். நான் எனக்காகக் கட்டினேன் என்றும் சொல்கிறார். 1212-இல் ஒருவர் இப்படி எழுதியது சாதாரண விஷயம் இல்லை. அவரே பதில் சொல்வதுபோல அடுத்த வரி: கூட யாரும் இல்லையே, வேறு யாருக்காகக் கட்டுவது? பெருமிதமும் தனிமையும் அங்கே ஒன்றாக நிற்கின்றன.

புத்தகத்தின் முதல் பாதியில் ஐந்து அழிவுகள் வருகின்றன: 1177 தீ, 1180 சூறாவளி, அதே வருடம் தலைநகரை ஃபுகுஹராவுக்கு மாற்றியது, 1181–82 பஞ்சம், 1185 நிலநடுக்கம். அதே வருடங்களில்தான் தாயிரா, மினமோதோ குலங்களுக்கு இடையே நாட்டையே புரட்டிப்போட்ட போர் நடந்தது. அதைப் பற்றி நேராக எதுவும் எழுதவில்லை. யார் ஜெயித்தார் என்பது அவர் அக்கறை இல்லை. வீடு எரிந்ததா, யார் செத்தார்கள் என்பதுதான்.

பஞ்சப் பகுதியில் ஒரு காட்சி. ரியூக்யோ என்ற துறவி தெருவில் கிடக்கும் ஒவ்வொரு பிணத்தின் நெற்றியிலும் 'அ' என்ற எழுத்தை எழுதிக்கொண்டே போகிறார். இரண்டு மாதத்தில் நகரின் கிழக்குப் பாதியில் மட்டும் எண்ணியது 42,300-க்கு மேல். அந்த எழுத்து சித்தம் என்ற இந்திய லிபியில் எழுதப்படும் அகரம். பிராமியிலிருந்து வந்த லிபி அது, நம் 'அ'வுக்கும் மூத்த உறவு. அகர முதல என்று படித்து வளர்ந்த நமக்கு அந்த வரியில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டியிருக்கும்.

குடிசைக்குள் என்னென்ன இருந்தன?

அமிதாப புத்தரின் படம், சமந்தபத்திரர் படம், தாமரைச் சூத்திரம். மூங்கில் அலமாரியில் கறுப்புத் தோல் வேய்ந்த மூன்று பெட்டிகள். அவற்றில் கவிதை, இசை பற்றிய நூல்கள், அமிதாபரின் சுவர்க்கமான சுகாவதியில் பிறப்பது பற்றிய நூலிலிருந்து எடுத்தெழுதிய பகுதிகள். பக்கத்தில் மடக்கும் கோத்தோ, கழற்றிப் பூட்டும் பிவா என்று இரண்டு நரம்பு வாத்தியங்கள். குடிலே பலகைகளைக் கொக்கி போட்டு இணைத்ததுதான். பிடிக்காவிட்டால் கழற்றி இரண்டு வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய்விடலாம்.

ஒரே பெட்டி வரிசையில் வழிபாடும் கவிதையும் இருப்பதைக் கவனியுங்கள். பிவா வாசிப்பதைப் பற்றிச் சொல்லும்போது, என் வாசிப்பு சுமார்தான், ஆனால் அடுத்தவர் காதுக்காக வாசிக்கவில்லை, தனியாக வாசித்துத் தனியாகப் பாடி என் மனத்தை வளர்க்கிறேன் என்கிறார்.

உண்மையில் தனியாகவா இருந்தார்?

முழுதாக இல்லை. மலையடிவாரத்தில் காட்டுக் காவலன் குடிசையில் பத்து வயதுப் பையன் ஒருவன் இருந்தான். அறுபது வயதுக்காரரும் பத்து வயதுக்காரனும் சேர்ந்து கிழங்கு, காய், கீரை பறித்துத் திரிந்தார்கள். வயதில்தான் பெரிய வித்தியாசம், மகிழ்ச்சி ஒன்றுதான் என்கிறார். புத்தகத்திலேயே மனம் லேசாகும் இடம் அது.

எப்போதாவது தலைநகருக்குப் போனால் பிச்சைக்காரனைப்போல இருக்கிறோமே என்று வெட்கப்படுவதாகவும், திரும்பி வந்ததும் ஊர்க்காரர்களைப் பார்த்து இரக்கப்படுவதாகவும் சொல்கிறார். அந்த வெட்கத்தை அவர் மறைக்கவில்லை என்பதற்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும். ஆனால் ஒன்றை மறைத்தார். 1211-இல், புத்தகத்தை முடிப்பதற்குச் சில மாதங்களுக்கு முன், அவர் காமகுராவரை போய், படைபலத்தால் ஆண்ட ஷோகுன் சானெதொமோவைச் சந்தித்ததாக 'அசுமா ககாமி' என்ற ஆட்சி வரலாறு பதிவு செய்திருக்கிறது. சானெதொமோவும் கவிஞர். ஹோஜோகியில் அந்தப் பயணமே இல்லை. கால்தான் என் வாகனம், கைதான் என் வேலையாள் என்று எழுதும் ஹினோ மனிதருக்கும், ஷோகுனைப் பார்க்கக் கிளம்பிய மனிதருக்கும் இடையே இருந்த தூரத்தை அவர் நமக்குச் சொல்லவில்லை.

கடைசிப் பக்கத்தைப் பற்றி ஏன் எல்லோரும் பேசுகிறார்கள்?

அதுவரை குடிலின் சுகத்தைப் பாடிக்கொண்டிருந்தவர், திடீரென்று தன்மீதே வழக்குத் தொடுக்கிறார். புத்தர் சொன்னது எதன்மீதும் பற்று வைக்காதே என்பதுதான்; இந்தப் புல் குடில்மேல் எனக்கு இருக்கும் அன்பும் குற்றம்தானே? பிறகு விடியற்காலையில் தன் மனத்தைப் பார்த்துப் பேசுகிறார், முன்னிலையில், 'நீ' என்று. உலகைவிட்டு மலைக்கு வந்தது மனத்தைத் திருத்தத்தானே? உன் தோற்றம் ஞானி மாதிரி, உள்ளே அழுக்கு. உன் வீடு விமலகீர்த்தியின் அறையைப் பார்த்துக் கட்டியது, உன் நடத்தை சூளபந்தகருக்குக்கூட எட்டவில்லை. இது முன்வினையா, இல்லை உனக்குப் பைத்தியமா?

மனம் பதில் சொல்லவில்லை. நாக்கை மட்டும் கடன் வாங்கி, அமிதாப நாமத்தை இரண்டு மூன்று முறை சொல்லி நிறுத்திக்கொண்டேன் என்று முடிக்கிறார். தேதி போட்டு, 'ரென்இன்' என்ற துறவுப் பெயரில் கையெழுத்திடுகிறார்.

சூளபந்தகர் புத்தரின் சீடர்களிலேயே மந்தபுத்திக்காரர் என்று பெயர் வாங்கியவர். நாலு வரிகூட மனப்பாடம் ஆகாதவர், ஆனாலும் ஞானம் அடைந்தார். விமலகீர்த்தி வைசாலியில் வாழ்ந்த இல்லறத்தார். அவருடைய சிறு அறைக்குள் 32,000 ஆசனங்கள் அடங்கின என்கிறது அவர் பெயரால் வழங்கும் சூத்திரம். அதே சூத்திரத்தில், இருமையற்ற உண்மை எது என்று போதிசத்துவர் மஞ்சுஸ்ரீ கேட்டபோது விமலகீர்த்தி ஒன்றும் சொல்லாமல் இருந்தார். அந்த மௌனமே பதில் என்று கொண்டாடுவார்கள். சோமெய் மனத்தின் மௌனமும் அந்த ரகமா, இல்லை வெறும் தோல்வியா என்று ஆய்வாளர்கள் இன்றுவரை வாதாடுகிறார்கள்.

என் கட்சி தோல்விதான். ஞானத்தின் மௌனமாக இருந்தால் அதற்குப் பிறகு நாக்கைக் கடன் வாங்கியிருக்கத் தேவையில்லை. 'ஹொஷ்ஷின்ஷூ' முன்னுரையை அவர் தொடங்குவதே, மனத்துக்கு நீ ஆசானாக இரு, மனத்தை உன் ஆசானாக்காதே என்ற வாக்கோடுதான். அந்த ஆசான் இங்கே கேள்வி கேட்கிறார், மாணவன் தலைகுனிந்து நிற்கிறான். இரண்டு பேரும் அவரே. ஒருவன் தன்னையே இரண்டாகப் பிரித்து விசாரிக்க முடிகிறது, ஆனால் தீர்ப்பு எழுத முடியவில்லை. ஜப்பானிய உரைநடையில் இவ்வளவு நெருக்கத்தில் ஒரு 'நான்' அதற்கு முன் நின்றதாக எனக்குத் தோன்றவில்லை.

இதை மேற்கத்தியத் தனிமனிதவாதத்தோடு ஒப்பிடலாமா?

அவசரப்பட வேண்டாம். இங்கே யாரும் தன் உரிமையைக் கேட்கவில்லை, தான் தனித்தன்மை உடையவன் என்று நிரூபிக்கவும் வரவில்லை. சைகியோவின் ஒரு கவிதை: தனிமையைத் தாங்கத் தெரிந்த இன்னொருவர் இருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும், இந்தக் குளிர்கால மலையூரில் குடிலுக்குப் பக்கத்தில் குடில் போட்டுக்கொள்ளலாமே. தனியாக இருக்கத்தான் போனார். போன இடத்தில் தேடியதோ பக்கத்து வீட்டுக்காரரை.

கென்கோ எப்படி வேறுபடுகிறார்?

சோமெய் தன்னை விசாரிக்கிறார்; கென்கோ தன்னை வேடிக்கை பார்க்கிறார். 1330 வாக்கில் எழுதிய 'ட்சுரெசுரெகுசா'வில் 243 துண்டுகள். சும்மா இருக்கிற பொழுதில் மைக்கல்லின் முன் உட்கார்ந்து, மனத்தில் வருவதையெல்லாம் எழுதினால் ஒரு மாதிரி கிறுக்குப் பிடித்தாற்போல இருக்கிறது என்று தொடங்குகிறார். 75-ஆம் துண்டில், பொழுது போகவில்லை என்று புலம்புகிறவர்களின் மனம் என்ன மனம் என்கிறார். நாலு பேரோடு கலந்தால் நம் பேச்சு கேட்பவர் காதுக்கு ஏற்ப வளைந்துவிடும், அது நம் மனம் பேசுவதாகாது.

ஆனால் என்னை மடக்கியது 235-ஆம் துண்டு. சொந்தக்காரர் உள்ள வீட்டுக்குள் வழிப்போக்கன் நுழையமாட்டான். ஆளில்லாத வீட்டில் நரியும் ஆந்தையும் குடியேறும். கண்ணாடிக்கு நிறமும் உருவமும் இல்லை, அதனால்தான் எல்லாம் அதில் தெரிகின்றன. நம் மனத்துக்குள் இத்தனை எண்ணங்கள் இஷ்டத்துக்கு வந்து போகின்றனவே, அங்கே சொந்தக்காரர் என்று ஒருவரும் இல்லாததாலா? சோமெய் அளந்து அளந்து கட்டிய வீட்டைக் கென்கோ ஆளில்லாத வீடாக்கிவிடுகிறார். அனாத்மத்தை இவ்வளவு எளிமையாக, பயமில்லாமல், கொஞ்சம் கிண்டலோடு சொன்னவர்கள் குறைவு.

பெண்கள் யாரும் இல்லையா?

உண்டு. நிஜோ சீமாட்டி அரசவையில் ஓய்வுபெற்ற பேரரசர் கோ-ஃபுகாகுசாவின் ஆசைநாயகியாக இருந்து, பின்னர் பிக்குணியாகி நாடெங்கும் நடந்தவர். ஒன்பது வயதில் சைகியோவின் பயணத்தைத் தீட்டிய சித்திரச் சுருள் ஒன்றைப் பார்த்ததும், பெண்ணாகப் பிறந்தாலும் இப்படி அலைந்து எழுத வேண்டும் என்று ஆசைப்பட்டதாக எழுதுகிறார். அவருடைய 'தொவசுகதாரி'யின் பெயரே 'யாரும் கேட்காமல் சொல்வது' என்று பொருள்படும். அது 20-ஆம் நூற்றாண்டில்தான் கண்டெடுக்கப்பட்டது. அவருக்குக் குடில் இல்லை, சாலைதான்.

வசதியானவர்களின் துறவுப் பாவனைதானே இதெல்லாம்?

ஓரளவு உண்மை. கென்கோ 1313-இல் யமஷினாவில் நெல்வயல் வாங்கிய பத்திரம் இருக்கிறது. அப்போதே அவர் துறவி. ஒரு படைத்தலைவருக்காகக் காதல் கடிதம் எழுதிக் கொடுத்தார் என்றும், அந்தப் பெண் அதைப் பிரிக்காமலே தோட்டத்தில் எறிந்தாள் என்றும் 'தைஹெய்கி' போர்க்காவியம் கதை சொல்கிறது. சோமெய்யின் பட்டினியும் படித்தவரின் பட்டினிதான்.

இருந்தாலும் பாவனையைப் பிடித்துக் காட்டுகிறவர்களும் அவர்களேதான். கென்கோவின் 11-ஆம் துண்டைப் பாருங்கள். குருசு சமவெளியைத் தாண்டி ஒரு மலையூருக்குப் போகிறார். பாசி படிந்த ஒற்றையடிப்பாதை, உதிர்ந்த இலைகளுக்கு அடியில் நீர் சொட்டும் சத்தம், பூவும் இலையும் வைத்த சிறு வழிபாட்டு மேடை, அமைதியான ஒரு குடில். இப்படியும் வாழலாமே என்று நெகிழ்ந்து நிற்கிறார். அப்போது தோட்டத்தில் கிளை வளையக் காய்த்த ஓர் ஆரஞ்சு மரமும், அதைச் சுற்றிப் பலமாகப் போட்ட வேலியும் கண்ணில் படுகின்றன. இந்த மரம் மட்டும் இல்லாதிருந்தால் என்று நினைத்துக்கொள்கிறார்.

இந்த மரபு எப்போது முடிந்தது?

முடிந்தது என்று கோடு போட முடியாது. 1690-இல் ஹைக்கூ கவிஞர் பாஷோ, பிவா ஏரிக்கு அருகே ஒரு மலைக்குடிலில் சில மாதம் இருந்து 'கென்ஜூவான்' குறிப்பை எழுதினார். ஒரு காலத்தில் உத்தியோகத்துக்கு ஆசைப்பட்டேன், ஒரு காலத்தில் புத்தரின் வாசலில் நுழையப் பார்த்தேன், கடைசியில் திறமை எதுவும் இல்லாமல் கவிதை என்ற இந்த ஒற்றை இழையில் மாட்டிக்கொண்டேன் என்கிறார். சோமெய்யைப்போல அவர் அதைக் குற்றமாகக் கேட்கவில்லை.

எங்கிருந்து தொடங்குவது? குடிலைப் பார்க்க முடியுமா?

ஹோஜோகியிலிருந்தே தொடங்குங்கள். மிகச் சிறியது, ஒரே மூச்சில் படித்துவிடலாம். ஆங்கிலத்தில் பல மொழிபெயர்ப்புகள் உண்டு. நாவலாசிரியர் நட்சுமே சோசெகி கல்லூரி மாணவராக இருந்தபோது, 1891-இல், தன் பேராசிரியர் கேட்டதற்காக அதை ஆங்கிலத்தில் பெயர்த்தார். ட்சுரெசுரெகுசாவை வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. 11, 75, 235 என்று புகுந்து புறப்படலாம்.

குடில் அந்தக் காலத்திலேயே போய்விட்டது. அவருடைய அளவுகளை வைத்துக் கட்டிய மாதிரி ஒன்றை, அவருக்குப் பதவி கிடைக்காமல்போன அதே ஷிமோகமோ ஆலயத்தார் வைத்திருக்கிறார்கள். ஹினோ மலையில், குடில் இருந்ததாகச் சொல்லும் இடத்தில், ஒரு பெரிய பாறைதான் இருக்கிறது. அங்கே போக ஏற்றம் உண்டு, நல்ல செருப்பு போட்டுக்கொள்ளுங்கள்.